இளவேனிலில் குழந்தைகளோடு

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் தறுவாயில், பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் காடுகளில் மக்காச்சோளமும் பருத்தியும் வீடு வந்து சேர்ந்து நிலம் வெடித்துக் கிடக்க, ஜயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கத்துச் செம்மண் மேடுகளில் முந்திரி மரங்கள் மட்டும் மஞ்சளும் சிவப்புமாகப் பழுத்து நிற்க, பள்ளிக்கூடமும் மூடப்பட்டு மூன்று வயது முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகள் பகல் முழுவதும் வீட்டில் இருக்கும் நாட்களை எவ்வாறு பிரயோஜனப்படுத்திக்கொள்வது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம். அக்கினி நட்சத்திரம் மே மாதம் 4ஆம் தேதி வாக்கில் தொடங்கிவிடும். அதற்கு முந்தைய சில வாரங்களே சிறு குழந்தைகளை வெளியே அழைத்துச் செல்லத் தக்கவை. இந்த அத்தியாயம் முழுவதிலும் ஒரே விதியை வற்புறுத்தப்போகிறேன்: ஒரு காலையில் ஓர் இடம், ஒரு நாளில் ஒரு வேலை. அதற்கு மேல் ஆசைப்படுகிற பெற்றோர் குழந்தையின் சரீரத்தையும் உற்சாகத்தையும் ஒருங்கே இழக்கிறார்கள்.

பொழுதை வகுத்துக்கொள்ளுதல்

1. காலை 6 மணி முதல் 9.30 வரை வெளியில் செய்ய வேண்டியவற்றுக்கு ஒதுக்குங்கள். பிரயாணமானால் விடியுமுன் புறப்பட்டு, 10 மணிக்குள் வீட்டிலோ நிழலிலோ இருக்கும்படி திட்டமிடுங்கள்.
2. 11 முதல் 4 வரை வீட்டுக்குள். உணவு, உறக்கம், தாயம், பல்லாங்குழி, கதை. புளி உடைத்த வீடுகளில் பல்லாங்குழிக்கு வேண்டிய புளியங்கொட்டை தாராளமாகக் கிடைக்கும். ஆனால் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை தவழ்ந்து வரும் இடத்தில் அதைச் சிந்தவிடாதீர்கள். மூக்கிலும் தொண்டையிலும் அகப்பட்டுக்கொள்ளும் பொருள்களில் அதுவும் ஒன்று.
3. மாலை 5 மணிக்கு மேல் வாசலும் தெருவும். நொண்டி, கண்ணாமூச்சி, நுங்கு வண்டி.

அரியலூர் வட்டாரத்தில் பிரயாணம் செய்கிறவர்கள் இன்னொன்றையும் கணக்கிட வேண்டும். சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் இச்சாலைகளில் மிகுதி. இருசக்கர வண்டியில் குழந்தையை முன்னால் நிறுத்திக்கொண்டு அவற்றின் பின்னே போவது புழுதிக்கும் விபத்துக்கும் ஒருசேர இடம் கொடுப்பதாகும். பஸ்ஸோ காரோ அமர்த்திக்கொள்வது உத்தமம். காரானால், ஒரு நிமிஷம் கடைக்குப் போய் வருகிறேன் என்று குழந்தையை உள்ளே விட்டுப் பூட்டுவது எக்காரணத்தாலும் கூடாது.

தண்ணீரும் உஷ்ணமும்

தாகம் எடுத்த பின் கொடுக்கலாம் என்று காத்திராமல், வெளியில் இருக்கும்போது கால்மணிக்கு ஒரு தரம் சில மிடறு தண்ணீர் கொடுத்துவாருங்கள். நீர்மோர், பானகம், காலையில் கரைத்த கம்பங்கூழ் ஆகிய மூன்றும் கடையில் விற்கும் வர்ணப் பானங்களைவிட மேலானவை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்குத் தாய்ப்பாலே போதும். கோடை என்பதற்காகத் தண்ணீர் புகட்ட வேண்டியதில்லை, பால் கொடுக்கும் தடவைகளை அதிகப்படுத்தினால் போதுமானது.

குழந்தை சோர்ந்து, சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போனால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை, அதன் மேல் அச்சிட்ட அளவுப்படி, காய்ச்சி ஆறிய நீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கவும். பொட்டலம் இல்லையேல் ஒரு லிட்டர் நீருக்குத் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போடுங்கள். உப்பைக் கைநிறைய அள்ளிப் போடுவது அபாயம். கரைத்ததை மறுநாளைக்கு வைத்திருக்கக் கூடாது.

உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சுக் குழறி, மயக்கமோ வலிப்போ கண்டால் அது வெப்ப மூர்ச்சை. உடனே 108-ஐ அழைத்து, வண்டி வரும் வரை நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் ஈரத் துணி போட்டு விசிறுங்கள். நினைவில்லாத குழந்தையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

முதல் பிரயாணம்: சாத்தனூர்க் கல்மரம்

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில், திருச்சி–சென்னை நெடுஞ்சாலையிலிருந்து கிழக்கே விலகி உட்புறமாக இருக்கும் சாத்தனூரில், சுமார் 18 மீட்டர் நீளமுள்ள மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் அதை வெளியுலகுக்கு அறிவித்தார். அத்துறையே அந்த இடத்தைத் தேசியப் புதைபடிவ மரப் பூங்காவாகப் பாதுகாத்து வருகிறது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன், பூக்கும் மரங்கள் பூமியில் பரவுவதற்கு முந்திய யுகத்தில் வளர்ந்த மரம் அது என்கிறார்கள் அறிஞர்கள். அக்காலத்தில் இந்தப் பகுதி முழுவதும் கடல். கரையிலிருந்து அடித்துக்கொண்டு வரப்பட்ட மரம் மணலில் புதைந்து, அதன் நார்களிருந்த இடத்தில் சிலிக்கா சிறிது சிறிதாகப் படிந்து, உருவம் மாறாமல் கல்லாயிற்று. நம் குழந்தைகள் விளையாடும் மண்ணுக்கடியில் சங்கும் சிப்பியும் அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரின் சுருள் ஓடுகளும் உறங்குகின்றன என்பதை இதைவிடப் பிரத்தியட்சமாகக் காட்டக்கூடிய ஸ்தலம் இந்த வட்டாரத்தில் வேறு இல்லை. அதனாலேயே இதை முதலில் வைத்தேன்.

செய்ய வேண்டிய முறை:

1. முதல் நாள் மாலையிலேயே வீட்டுத் தென்னை மட்டையையோ விறகுக் கட்டையையோ குழந்தையின் கையில் கொடுத்துத் தடவச் சொல்லுங்கள். தட்டினால் எழும் ஓசையையும் கேட்கச் சொல்லுங்கள். மறுநாள் பார்க்கப் போவதற்கு அதுவே பாடம்.
2. பூங்காவுக்குள் போனவுடன் விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். மரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பக்கவாட்டில் நடந்து அடிகளை எண்ணச் சொல்லுங்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு நாற்பது அடிக்குக் குறையாது.
3. எண்ணி முடித்த பின், இது மரமா கல்லா என்று கேளுங்கள். இரண்டு விடைகளும் வரும். இரண்டையும் ஏற்றுக்கொண்டு, பிறகு கடலின் கதையைச் சொல்லுங்கள். ஐந்து வாக்கியத்துக்கு மேல் வேண்டாம்.
4. ஒரு தாளில் மரத்தை வரையச் சொல்லி, தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கல்மரத்தின் மேல் ஏறவோ அதைச் சுரண்டவோ விடலாகாது. சுற்றுப்புறத்தில் கிடக்கும் சில்லுகளைப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் தவறு. பாதுகாக்கப்பட்ட இடத்தின் கல் பொதுச் சொத்து என்பதைக் குழந்தை பழக வேண்டிய வயது இதுவே. கற்களைப் புரட்டும் ஆசை எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. இந்த வெயில் காலத்தில் ஒவ்வொரு கல்லுக்கடியிலும் தேள் நிழல் தேடி ஒதுங்கியிருக்கக்கூடும் என்பதால், மூடிய செருப்பு அணிவித்து, கையை விட்டுத் துழாவாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமையிலும் வெள்ளிக்கிழமையிலும் வழக்கமாகச் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை திறக்குமாதலால், அவ்விரு நாட்களில் சாத்தனூர் போகும் வழியில் ஜனநெருக்கம் மிகும். தரிசனத்தையும் கல்மரத்தையும் ஒரே காலையில் அடக்கப் பார்ப்பவர்கள் உச்சி வெயிலில்தான் சாத்தனூர் போய்ச் சேர்வார்கள். வேறு கிழமை பாருங்கள்.

கல்மரத்தைப் பார்த்த குழந்தை மேலும் கேள்வி கேட்டால், இன்னொரு நாள் அரியலூரை அடுத்த வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லலாம். கூரைக்கடியில் பார்க்கும் இடமாகையால் சற்று வெயிலேறினாலும் பாதகமில்லை. திறந்திருக்கும் நாளை முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பிரயாணம்: கங்கைகொண்ட சோழபுரம்

கங்கைவரை படை நடத்தி வெற்றிகண்ட சோழ மன்னன் முதலாம் இராசேந்திரன், அந்த நதியின் நீரைக் கொண்டுவரச் செய்து சோழகங்கம் என்ற பேரேரியை வெட்டுவித்து, அதனருகே நகரமும் கோயிலும் எடுத்தான். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் சோழர்களுக்குத் தலைநகராக விளங்கிய அந்நகரம் மண்ணோடு மண்ணாகிவிட, கோயில் மட்டும் நிற்கிறது. குழந்தைக்கு இந்த வரலாறு போதும். 19ஆம் நூற்றாண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டுவதற்காக இக்கோயிலின் மதிற் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள் என்ற துயரச் செய்தியையும், 2004-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது என்ற மகிழ்ச்சிச் செய்தியையும் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இங்கே எல்லோரும் செய்யும் பிழை, பத்து மணிக்கு மேல் வந்து சேர்வது. செருப்பில்லாமல் நடக்க வேண்டிய கல்தளம் அந்நேரத்தில் கொதிக்கும். பெரியவர்கள் ஓடிக் கடந்துவிடுவார்கள், மூன்று வயதுக் குழந்தை நடுவில் நின்று அழும். ஆகவே நடை திறந்தவுடன் உள்ளே இருங்கள். தடித்த பருத்திக் காலுறை ஒரு ஜோடி கைவசமிருந்தால் திரும்பும்போது உதவும்.

பார்க்கும் வரிசை:

1. முதலில் சுற்றிலுமுள்ள புல்வெளியில் குழந்தைகளை ஓடவிடுங்கள். பஸ்ஸில் அடைந்து வந்த கால்கள் ஓடி ஓய்ந்தாலொழியக் கண்கள் எதையும் நிதானமாகப் பார்க்கமாட்டா.
2. பிறகு சந்நிதிக்கு எதிரே இருக்கும் பெரிய நந்தி. அதன் கண்ணையும் காதையும் கழுத்துமணியையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.
3. விமானத்தைச் சற்றுத் தூரத்தில் உட்கார்ந்து பாருங்கள். சுமார் 55 மீட்டர் உயரம். தஞ்சைப் பெரியகோயிலின் விமானம் நேராக ஏறுகிறது. இதுவோ உட்குழிந்து வளைந்து எழுகிறது. குழந்தையின் விரலைப் பிடித்து ஆகாயத்தில் அந்த வளைவை வரையச் செய்தால், ஒரு நூல் சொல்லித் தராததை அந்த ஒரு கோடு சொல்லித் தந்துவிடும்.
4. வடக்கு வாயிற்படியருகே, சிவபெருமான் தம் கையாலேயே அடியாராகிய சண்டேசருக்கு மாலை சூட்டும் சிற்பத்தின் முன் நிறுத்துங்கள். அரசன் தனக்குக் கிடைத்த வெற்றி மாலையையே அவ்வாறு வடிக்கச் செய்தான் என்று கருதுவோர் உண்டு. தலை குனிந்து வாங்கிக்கொள்ளும் அந்த அடக்கத்தைக் குழந்தைகள் தாமாகவே கண்டுகொள்வார்கள், உபதேசம் வேண்டியதில்லை.
5. கடைசியாகச் சிங்கமுகக் கிணறு. சிங்க உருவத்தின் வழியே கிணற்றுக்கு இறங்கும் அந்த அமைப்பைக் காண எல்லாக் குழந்தைகளும் துடிக்கும். ஒரு பெரியவர் ஒரு குழந்தையின் கையை இறுகப் பற்றிக்கொண்டு, வெளியிலிருந்தே காட்டித் திரும்ப வேண்டும்.

உள்ளே கர்ப்பக்கிருகத்துக்கு முன்னுள்ள மண்டபம் கோடையிலும் குளிர்ந்திருக்கும். புறப்படுமுன் அங்கே கால்மணி நேரம் உட்கார்ந்து இளைப்பாறிக்கொண்டு வாருங்கள்.

முந்திரித் தோப்பில் ஒரு காலை

ஜயங்கொண்டத்திலிருந்து ஆண்டிமடம் வரையிலான முந்திரிக் காடுகளில் உறவினரோ நண்பரோ இல்லாத குடும்பம் இப்பகுதியில் அரிது. உரியவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, விடியற்காலையில் பழம் பொறுக்கப் போவது குழந்தைகளுக்கு ஒரு திருவிழா. ஆனால் இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் வேலைகள் எல்லாவற்றிலும் அதிக ஜாக்கிரதை வேண்டுவதும் இதுதான். பழம் தித்திக்கும்; அதன் நுனியில் தொங்கும் கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெயோ தோலைப் பொசுக்கிக் கொப்புளம் எழுப்பும். முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை.

1. குழந்தைகளுக்கு முழுக்கைச் சட்டை, பழைய ஆடை. பழச்சாறு பட்ட கறை துணியை விட்டுப் போகாது.
2. குழந்தை பழத்தைத்தான் பிடிக்க வேண்டும், கொட்டையைத் தொடக் கூடாது. பெரியவர் கையுறை அணிந்தோ, கையில் எண்ணெய் தடவிக்கொண்டோ கொட்டையைத் திருகி எடுத்துத் தனிக் கூடையில் போட வேண்டும்.
3. அன்று காலையில் விழுந்த, அடிபடாத பழமாகப் பார்த்தெடுங்கள். முந்திரிப்பழம் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும்.
4. நன்றாகக் கழுவி, வில்லைகளாக அரிந்து, உப்பு நீரில் கால்மணி ஊறவைத்துப் பிழிந்து எடுத்தால் தொண்டையைக் கட்டும் துவர்ப்புத் தணியும்.
5. முதன்முறை உண்ணும் குழந்தைக்கு ஒரு சிறு துண்டு மட்டும் கொடுத்து அரைமணி கவனியுங்கள். உதடு வீங்கினாலோ தடிப்பு எழுந்தாலோ மேலும் கொடுக்கலாகாது. மூச்சுத் திணறினால் தாமதமின்றி மருத்துவமனை.

எண்ணெய் பட்டுவிட்டால் சோப்பும் ஏராளமான தண்ணீரும் கொண்டு கழுவுங்கள், கண்ணைக் கசக்கவிடாதீர்கள். பச்சைக் கொட்டையை வீட்டு அடுப்பில் சுட்டுக் காட்டும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. எண்ணெய் குபீரென்று தீப்பற்றித் தெறிக்கும், புகையும் கண்ணையும் மார்பையும் எரிக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். உடைத்த பருப்பையும் நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழுதாகக் கொடுக்காமல் பொடித்துக் கொடுங்கள்.

வீட்டு வேலை: வெங்காய வடகம்

பெரம்பலூர்ச் சீமை சின்ன வெங்காயத்துக்குப் பேர்போனது. சித்திரை வெயிலில் வடகம் போட்டு வைத்துக்கொள்ளாத வீட்டுக் குழம்பில் ஆண்டு முழுவதும் ஒரு குறை இருக்கும். இது ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வேலை. அதனாலேயே குழந்தைகளுக்கு மிக ஏற்றது. இன்று செய்தது நாளை என்னவாயிற்று என்று பார்க்கும் பொறுமையை இது பழக்குகிறது.

வேண்டியவை: சின்ன வெங்காயம் 1 கிலோ, பூண்டு 100 கிராம், உடைத்த உளுந்து 100 கிராம், கடுகு 50 கிராம், சீரகம் 25 கிராம், வெந்தயம் ஒரு மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி, கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, உப்பு, விளக்கெண்ணெய்.

1. வெங்காயத்தைத் தண்ணீரில் அரைமணி ஊறப் போடுங்கள். தோல் எளிதில் கழலும், கண்ணும் அவ்வளவாக எரியாது. உரிப்பது ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வேலை. கறிவேப்பிலை உருவுவது சிறியவர்களின் வேலை.
2. வெங்காயத்தையும் பூண்டையும் உரலில் ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். மிக்ஸியானால் ஒரே சுற்று. விழுதாகிவிட்டால் நீர் கோத்துக்கொண்டு வடகம் பிடிக்கவே வராது. அநேகர் தவறுவது இந்த இடத்தில்தான்.
3. உளுந்தை அரைமணி ஊறவைத்து வடித்து, மற்றவற்றோடு கலந்து, உப்பைக் குறைவாகவே போட்டு, மூடி இரவு முழுவதும் வையுங்கள். காய்ந்து சுருங்கும்போது உப்பு ஏறித் தெரியும்.
4. மறுநாள் காலையில் எலுமிச்சை அளவு உருண்டைகளாகப் பிடித்துச் சுத்தமான பாயில் வரிசையாக வையுங்கள். உருண்டை பிடிப்பது முழுவதையும் குழந்தைகளிடமே விட்டுவிடுங்கள். கோணலாக இருந்தாலும் குழம்பில் ருசி ஒன்றுதான்.
5. மாலையில் பனி இறங்குமுன் எடுத்து, உதிர்த்துப் பிசைந்து, மறுநாள் மீண்டும் பிடித்துக் காயவையுங்கள். மூன்றாம் நாளிலிருந்து உதிர்க்க வேண்டாம்.
6. ஈரம் அறவே வற்றியபின் விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, இன்னும் இரண்டு வெயில் காட்டி, ஜாடியில் போடுங்கள். உள்ளே ஈரமிருந்தால் பூஞ்சை பிடிக்கும். ஓர் உருண்டையைப் பிளந்து பார்த்துவிட்டே மூடுங்கள்.

காக்கைக்குக் காவலாகப் பாயின் அருகே விரித்த கறுப்புக் குடை போதும். குழந்தையை மொட்டைமாடியில் காவல் வைக்காதீர்கள். கைப்பிடிச் சுவரில்லாத மாடியும் உச்சி வெயிலும் இரண்டுமே ஆகா.

மாலை விளையாட்டு: நுங்கு வண்டி

நுங்கை அரிவாளால் சீவுவது பெரியவரின் வேலை. சுளைகளை உண்டபின் எஞ்சும் கூந்தல் (வெற்றுக் காய்) இரண்டை எடுத்து, முக்காலடி நீளக் குச்சி ஒன்றின் இருமுனைகளிலும் செருகினால் சக்கரமும் அச்சும் ஆயிற்று. கவையுள்ள நீண்ட கம்பால் அச்சைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். கம்பின் மேல்முனை குழந்தையின் மார்புக்குக் கீழே இருக்கும்படி அளந்து, மழுங்கச் சீவிவிடுங்கள். தடுக்கி விழும்போது வயிற்றில் குத்தாது. வண்டி விடும் தெருவில் லாரி வரக்கூடாது.

நீர்நிலைகளில்

கொள்ளிடத்தில் திருமானூரிலும் திருமழபாடியிலும் இந்த நாட்களில் நீர் மெலிந்து மணலே மிகுந்திருப்பதைக் கண்டு, ஆபத்தில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். முழங்காலளவு நீரில் நடந்துகொண்டிருக்கும்போதே திடீரென ஆளை விழுங்கும் பள்ளம் வரும். அதைவிடக் கொடியவை, சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்துக் கைவிடப்பட்ட குழிகளில் நீலமாகத் தேங்கி நிற்கும் தண்ணீரும், சுற்றுச்சுவரில்லாத தோட்டக் கிணறுகளும். செங்குத்தான அவற்றின் ஓரத்தில் ஏறிவரப் பிடிப்பே கிடையாது.

1. சுரங்கக் குழியருகே குழந்தைகளை அழைத்துச் செல்லவே வேண்டாம்.
2. ஆற்றில், பெரியவர் முதலில் இறங்கிக் காலால் தடம் பார்த்த இடத்தில் மட்டும், கையெட்டும் தூரத்தில் குழந்தை இருக்க வேண்டும்.
3. கண்காணிப்பவர் ஒருவர் என்று பெயர் சொல்லி ஏற்படுத்துங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்ட இடத்தில் ஒருவரும் பார்ப்பதில்லை. அவர் கையில் கைப்பேசி இருக்கலாகாது.
4. மூழ்கிய குழந்தையை எடுத்தால், தலைகீழாகத் தொங்கவிடுவதும், சுழற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் காலத்தை விரயமாக்கும் செயல்கள். மல்லாக்கக் கிடத்தி, மூச்சில்லையேல் தலையைச் சற்று நிமிர்த்தி வாய்வழியாகக் காற்று ஊதி, மார்பை அழுத்தி, 108-க்கு ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

இப்போது வேண்டாதவை

காரை கிராமத்தையொட்டி மழைநீர் அரித்த மண்பள்ளங்கள் புதைபடிவ அறிஞர்களுக்கு அற்புதமான இடம். நிழலற்று, ஓரம் சரியும் அந்தப் பூமி சிறு குழந்தைகளுக்கு உகந்ததன்று. 1751-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய வாலிகண்டபுரத்துப் போரோடு தொடர்புடைய ரஞ்சன்குடிக் கோட்டை நெடுஞ்சாலையருகிலேயே இருந்தாலும், அதன் மதில்மேல் ஏறும் ஆவலைக் கட்டுப்படுத்தும் வயது வந்த பிறகு அழைத்துச் செல்லுங்கள். பச்சைமலைச் சாரலில் லாடபுரத்து மயிலூற்றில் இப்போது தண்ணீர் இராது; ஐப்பசி மழைக்குப் பின் பார்க்கலாம்.

கரைவெட்டி ஏரியையும் பலர் கோடை விடுமுறைக்கென்றே ஒதுக்கி வைக்கிறார்கள். 2024-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற அந்தச் சரணாலயத்துக்கு வரும் வலசைப் பறவைகள் குளிர்கால விருந்தாளிகள். சித்திரையில் ஏரி வற்றத் தொடங்குகையில் அவற்றில் பெரும்பாலானவை வடக்கே திரும்பியிருக்கும். வெறும் சேற்றைக் காட்டிக் குழந்தையை ஏமாற்றாமல், கரைவெட்டிக்கு அரையாண்டு விடுமுறையில், மார்கழி மாதத்து ஒரு காலையில் அழைத்துச் செல்லுங்கள்.